கையில் தொங்குவது கொழுப்புங்களா, தோலுங்களா?

எடை இறங்கிய பிறகு மேல்கையில் தொங்குவதைக் காட்டக் கோயமுத்தூருக்குப் போன முதல் நடை ஐந்தே நிமிடத்தில் வீணானது. “எடை ஏறாம இறங்காம ஒரே இடத்துல நின்னு எத்தனை மாசமாச்சு?” என்பதுதான் பிளாஸ்டிக் சர்ஜன் கேட்ட முதல் கேள்வி. இரண்டு மாசம் என்றதும் ஃபைலை மூடிவிட்டார். பொதுவாக ஆறு மாசமாவது நிற்க வேண்டுமாம். இரைப்பை அறுவை செய்து இளைத்தவர் என்றால், அந்த அறுவை நடந்த நாளிலிருந்து ஒன்றரை வருடம் வரைகூடக் காத்திருக்கச் சொல்வார்கள். அவர் சொன்னதில் தப்பில்லை. எடை இன்னும் இறங்கினால் வெட்டித் தைத்த தோல் மறுபடியும் தொளதொளக்கும். ஏறினால் தழும்பு இழுபட்டு அகலும். கோபமெல்லாம் வரவேற்பு மேசையின் மேல்தான். போனில் நேரம் கொடுக்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் பஸ் செலவும் கன்சல்டேஷன் பணமும் மிச்சம்.

எனவே கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியது எடைக் குறிப்பு. வாரம் ஒரு முறை, ஒரே மெஷின், காலையில் வெறும் வயிறு. ஆறு மாசத்து ஏற்ற இறக்கம் இரண்டு மூன்று கிலோவுக்குள் அடங்கினால் பேச்சு மேலே நகரும். நடுவில் காது குத்து, கெடா விருந்து என்று ஏறி இறங்கியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் நட்டம் உங்கள் கைக்குத்தான்.

அதற்கும் முன்னால் வீட்டிலேயே பார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. இதைச் செய்யாமல்தான் ஜிம்முக்கும் கிரீமுக்கும் பணம் போகிறது. கையைத் தோள் மட்டத்துக்குப் பக்கவாட்டில் தூக்கி, முழங்கையை மடக்கி, அடியில் தொங்குவதை மறு கையின் இரண்டு விரலால் கிள்ளிப் பிடியுங்கள். மடிப்பு மெத்தென்று தடிமனாக இருந்தால் உள்ளே கொழுப்பு இன்னும் இருக்கிறது. சேலை முந்தானையை மடித்துப் பிடித்த மாதிரி மெலிசாக, சுருக்கத்தோடு வந்தால் அது தோல். பிறகு முழங்கையை நீட்டி இறுக்குங்கள். கல் மாதிரி ஆவது தசை. அப்போதும் ஆடிக்கொண்டிருப்பது மற்றதெல்லாம். நிறையப் பேருக்கு மூன்றும் கலந்துதான் இருக்கும், ஆனால் எது அதிகம் என்று தெரிந்தால்தான் அடுத்த ரூபாயை எங்கே போடுவது என்று தெரியும்.

கொழுப்பு அதிகம் என்றால் கைக்கென்று தனி வைத்தியம் இல்லை. கைப் பயிற்சியால் கைக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது. உடம்பு எந்த இடத்திலிருந்து எடுக்கிறதோ அங்கிருந்துதான் எடுக்கும், அந்த வரிசையை நாம் மாற்ற முடியாது. ‘பதினைந்து நாளில் கை மட்டும் குறைக்கும் பேக்கேஜ்’ என்று போர்டு பார்த்தால் நடையைக் கட்டுங்கள். கையில் சுற்றுகிற ரப்பர் உறைகள் வெளியேற்றுவது வியர்வையை. அளவு நாடா அரை இஞ்ச் குறைத்துக் காட்டும். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்ததும் பழையபடி ஆகிவிடும். காங்கேயத்து எண்ணெயை லிட்டர் கணக்கில் தேய்த்தாலும் தோல் வழவழப்பாகுமே தவிர இறுகாது.

தசைதான் நம் கையில் இருக்கிற விஷயம். வேகமாக எடை இறக்கியவர்களுக்குக் கொழுப்போடு தசையும் போயிருக்கும். உறை பெரிசு, உள்ளே பஞ்சு குறைவு என்கிற கதை. மேல்கைப் பருமனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பின்பக்கத்து டிரைசெப்ஸ் தசை. தொங்குகிற இடமும் அதற்கு நேர் கீழேதான். ஆனால் பெரும்பாலோர் செய்வது முன்பக்கத்து பைசெப்ஸை மடக்கி மடக்கித் தூக்குவது. கண்ணாடியில் தெரிகிற பக்கம் அது, வேறென்ன.

அடுத்த தப்பு எடை. பெண்கள் ஜிம்முக்குள் நுழைந்ததும் பயிற்சியாளர் ஒரு கிலோ ரோஸ் கலர் டம்பெல்லைக் கொடுத்து ஐம்பது தடவை ஆட்டச் சொல்வார். மூன்று மாசம் ஆட்டினாலும் தசைக்குச் சேதி போகாது. எட்டிலிருந்து பதினைந்து தடவைக்குள், கடைசி இரண்டு தடவை உண்மையாகவே திணற வேண்டும். பதினைந்தும் சுலபமாக வந்துவிட்டால் அடுத்த முறை எடையை ஏற்ற வேண்டும். “கை தடிச்சுப்போயிருங்களா?” என்று பயப்பட வேண்டாம். பெண்களுக்கு அந்த அளவு தசை தானாக வந்துவிடாது. அதற்கென்றே வருடக்கணக்கில் உழைக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

டிரைசெப்ஸுக்கு இரண்டு போதும். ஒன்று, தலைக்கு மேல் டம்பெல்லை இரண்டு கையாலும் பிடித்துப் பிடரிப் பக்கம் இறக்கி ஏற்றுவது. அந்தத் தசையின் ‘நீளத் தலை’ என்கிற பகுதி தோள்பட்டை எலும்பில் தொடங்குவதால், கை மேலே இருக்கும்போதுதான் அது முழுக்க நீளும். இரண்டு, கேபிள் மெஷினில் கீழ்நோக்கி அழுத்துவது, அல்லது கைகளைக் கிட்ட வைத்துத் தண்டால். தரையில் முடியாவிட்டால் சுவரில் தொடங்கி, திண்ணை உயரம், அப்புறம் தரை. முழங்கை வெளியே விரியக் கூடாது. இவற்றோடு தோளுக்கு ஒரு ஓவர்ஹெட் பிரஸ் (எடையைத் தலைக்கு மேல் தூக்கி நீட்டுவது), முதுகுக்கு ஒரு ரோயிங் (துடுப்புப் போடுகிற மாதிரி எடையை உடம்பை நோக்கி இழுப்பது). தோள் உருண்டால் அதற்குக் கீழே கை தானாகவே மெலிந்து தெரியும். ஒவ்வொன்றும் மூன்று செட், அதாவது அந்த எட்டு முதல் பதினைந்து தடவை மூன்று சுற்று, வாரம் இரண்டு நாள். தினமும் செய்தால் முழங்கை மூட்டில் வலி பிடித்துக்கொள்ளும், ஆறு வாரம் போய்விடும். நாற்காலி விளிம்பில் கையூன்றி இறங்குகிற டிப்ஸை மட்டும் ஆரம்பத்தில் தொடாதீர்கள். தோள் முன்பக்கமாக இழுபடும்.

வீட்டில் செய்கிறவர்களுக்கு ஐந்து லிட்டர் கேன் போதும். தண்ணீர் நிரப்பினால் ஐந்து கிலோ, மணல் போட்டால் இன்னும் கூடும். கர்லாக் கட்டை வைத்திருக்கிற வீடென்றால் தோள் அசைவுக்கு அருமையான சாமான், ஆனால் அதை மட்டும் நம்பி டிரைசெப்ஸை விட்டுவிட முடியாது.

அளவு எடுப்பதிலும் ஏமாறலாம். தோள் எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவே பேனாவால் புள்ளி வைத்து, கையைத் தொங்கவிட்டு, நாடாவை இறுக்காமல் சுற்றுங்கள். மாசம் ஒரு முறை போதும். பன்னிரண்டு வாரத்தில் சுற்றளவு அப்படியே இருந்து, தூக்குகிற எடை ஏறியிருந்தால் அது தோல்வி இல்லை. உள்ளே பஞ்சு கூடுகிறது.

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று சொல்லிச் சொல்லியே நம் பக்கம் எடை குறைக்கிற வீடுகளில் கொள்ளு ரசம் ஆறாக ஓடுகிறது. ரசத்தில் புரதம் பேருக்குத்தான். பருப்பைக் கடைந்து சாப்பிட்டால்தான் கணக்கில் வரும். பயிற்சி செய்கிறவருக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு 72 முதல் 96 கிராம். கொள்ளு 50 கிராம் என்றால் 11, முட்டை மூன்றுக்கு 18, வெந்த கோழிக்கறி 100 கிராமுக்கு 27, பாலும் தயிருமாக 400 மில்லிக்கு 13, நிலக்கடலை 30 கிராமுக்கு 8. கூட்டினால் 77. சைவம் என்றால் கோழியின் இடத்தில் சோயா உருண்டை, உலர்ந்தது 50 கிராம். முட்டையும் தொடாதவர்கள் பன்னீர் 100 கிராம் சேர்த்துக்கொள்ளலாம். அரிசிம்பருப்புச் சாதம் நல்லதுதான், ஆனால் அதில் அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று அள்ளிப் போடுகிற கைக்குத் தெரியும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தக் கணக்கைப் பிடிக்கக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு மெலிசான மடிப்பு தொங்கிக்கொண்டே இருந்தால் அது தோல். வருடக்கணக்கில் இழுபட்டு அதை இழுத்துச் சுருக்குகிற எலாஸ்டின் இழைகள் அறுந்திருக்கும். வயசு, புகை, எத்தனை கிலோ, எத்தனை வருடம் சுமந்தது என்பதெல்லாம் சேரும். எடை நின்ற பிறகு ஒரு வருடம்போலக் கொஞ்சம் சுருங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. சூடு கொடுக்கிற மெஷின்கள் லேசான தளர்வுக்கு ஏதோ செய்யலாம். துணி மாதிரித் தொங்குவதற்குப் பணம் தண்டம். கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற லைப்போசக்ஷன் மட்டும் செய்கிறேன் என்றால் இன்னும் மோசம். உள்ளிருக்கிற கொஞ்சத்தையும் உறிஞ்சிவிட்டால் பை காலியாகி மேலும் தொங்கும்.

மிச்சம் இருப்பது பிராக்கியோபிளாஸ்டி. அக்குளிலிருந்து முழங்கை வரை கையின் உள்பக்கமோ பின்பக்கமோ கீறி, மிகுதித் தோலை எடுத்துத் தைப்பது. தொளதொளப்புக்குப் பதில் நீளமான தழும்பு என்பதுதான் இந்தப் பேரம். முதலில் வந்து உட்காருவது டாக்டர் இல்லை, ஆஸ்பத்திரியின் ‘கவுன்சிலர்’, பேக்கேஜ் விலை அட்டையோடு. அவரிடம் பேசி முடிவு செய்யாதீர்கள். அறுக்கப்போகிறவர் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா, மெடிக்கல் கவுன்சில் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். அவர் செய்த கைகளின் படத்தை, தழும்பு தெரிகிற மாதிரி, ஒரு வருடம் கழித்து எடுத்ததாகப் பார்க்கக் கேளுங்கள். கையை இறக்கி வைத்து எடுத்த படம் காட்டினால் அது தழும்பை மறைக்கத்தான்.

அட்டையில் எழுதாத செலவுகள்: மயக்க மருந்து டாக்டர், ரத்தப் பரிசோதனை, அறுவைக்குப் பிறகு கையில் இறுக்கமாகப் போடுகிற அழுத்த உறை இரண்டு ஜோடி, கூடவே ஜிஎஸ்டி. நோய்க்கான சிகிச்சைக்கு உள்ள வரி விலக்கு அழகுக்கான அறுவைக்குக் கிடையாது. இதைக் கடைசி பில்லில் பார்த்துத் திடுக்கிடுவதைவிட முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

காப்பீடு இன்னொரு வீண் நடை. பாலிசியின் விலக்குப் பட்டியலில் எக்ஸ்கிளூஷன் 08 என்ற எண்ணில் காஸ்மெடிக், பிளாஸ்டிக் சர்ஜரி இருக்கும். விபத்து, தீக்காயம், புற்றுநோய், அல்லது உடனடி உடல்நல ஆபத்து என்றால் மட்டுமே அதற்கு விதிவிலக்கு. அக்குள் மடிப்பில் வியர்வைப் புண்ணும் பூஞ்சையும் திரும்பத் திரும்ப வருகிறவர்கள் தோல் டாக்டரின் சீட்டுகளையும் தேதியோடு படங்களையும் சேர்த்து முன் அனுமதி கேட்டுப் பார்க்கலாம். கிடைக்கும் என்று எண்ணிக் கடன் வாங்கி அட்வான்ஸ் கட்டிவிடாதீர்கள். காப்பீட்டு கவுண்டரில் ‘அனுப்பிப் பார்க்கலாம்’ என்பதற்கு அர்த்தம் ‘வராது’. இரைப்பை அறுவையின் டிஸ்சார்ஜ் சம்மரி ஜெராக்ஸ் ஒன்று தனியாக இருக்கட்டும். அது இல்லாமல்தான் இரண்டாவது நடையும் வீணானது. ஹீமோகுளோபின், பி12, ரத்தப் புரதம் மூன்றும் பார்க்காமல் தேதி கொடுக்கிற இடம் என்றால் யோசியுங்கள். இவை குறைந்திருந்தால் தையல் ஆறாது.

தேதியை மார்கழி, தைக்குத் தள்ளுங்கள். அழுத்த உறையை நாலு முதல் ஆறு வாரம் இரவும் பகலும் போட வேண்டும். சித்திரை வெயிலில் திருப்பூரிலோ ஈரோட்டிலோ அது நரகம். திருப்பூரில் லைக்ரா துணி சல்லிசாகக் கிடைக்கிறதே என்று தெரிந்த டெய்லரிடம் தைத்துக்கொள்வது வேண்டாம். அழுத்தம் மணிக்கட்டில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். பனியன் கணக்கில் தைத்தால் முழங்கை மடிப்பில் கட்டிப்போட்ட மாதிரி இறுகி விரல் வீங்கும்.

முதல் வாரம் தலைவாரிவிட ஆள் வேண்டும். முன்பக்கம் திறக்கிற உடுப்பு நாலு. தூங்கும்போது இரு கைக்கும் தலையணை. முன்கை உள்பக்கம் மரத்துப்போவது சகஜம், பெரும்பாலும் மாசக்கணக்கில் திரும்பும். ஒரு கை மட்டும் திடீரென வீங்கினாலோ, சிவந்து காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். கிரைண்டர் கல்லைத் தூக்குவதும் ஸ்கூட்டரும் டாக்டர் சொல்லும் வரை கிடையாது. காயம் முழுக்க மூடியதும் சிலிக்கான் ஜெல் அல்லது பட்டை, மூன்று மாசம், விடாமல். மாநிறத் தோலில் தழும்பு தடிக்கிற வாய்ப்பு அதிகம், எனவே காதுகுத்திய இடம் தடித்த அனுபவம் உள்ளவர்கள் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ஆறு வாரம் கழித்து மறுபடி பயிற்சி. அந்த ரோஸ் கலர் ஒரு கிலோ டம்பெல்லுக்கு வேலை வருவது அப்போதுதான்.