கிளினிக்கிலேயே எக்ஸ்ரேயும் ஸ்கேனும்: ரிப்போர்ட்டிலிருந்து தொடங்குங்கள்

கிளினிக்கில் எக்ஸ்ரே வைக்கலாம் என்று தோன்றியதும் பெரும்பாலான டாக்டர்கள் முதலில் கூப்பிடுவது மெஷின் விற்பவரைத்தான். கொட்டேஷன் கைக்கு வந்துவிட்டால் பேச்செல்லாம் எந்தக் கம்பெனி, எத்தனை எம்.ஏ. (மில்லிஆம்பியர்), எவ்வளவு தள்ளுபடி என்றே ஓடும். படத்தை யார் படிப்பார், எத்தனை மணி நேரத்தில் ரிப்போர்ட் தருவார் என்பது கடைசியில்தான் பேச்சுக்கு வரும். அதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. நீங்கள் வெளியே எழுதி அனுப்பும் படங்களை மூன்று மாதம் ஒரு நோட்டில் குறியுங்கள். எந்த உறுப்பு, என்ன படம், அன்றே படம் கிடைத்திருந்தால் சிகிச்சை மாறியிருக்குமா என்று மூன்று பத்தி போதும். இருமலும் காய்ச்சலுமாக வந்தவரின் நெஞ்சு எக்ஸ்ரே, வீங்கிய மணிக்கட்டு, வலது மேல்வயிற்று வலிக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஆகியவற்றில் பெரும்பாலும் 'ஆம்' என்றே விழும். நாள்பட்ட முதுகுவலிக்கான எம்.ஆர்.ஐ.க்கு 'இல்லை' என்றுதான் விழும். மூன்றாவது பத்தியில் 'ஆம்' எவ்வளவு இருக்கிறதோ, அதுதான் உங்கள் உண்மையான தேவை. சாதாரண கிளினிக்கில் அது எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் இரண்டோடு நின்றுவிடும். சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டுக்கும் தனிக் கட்டடத் திட்டமே வேண்டும். இங்கே அவற்றை விட்டுவிடுகிறோம்.

ரிப்போர்ட்டுக்கு வருவோம். ரேடியாலஜிஸ்ட் குறிப்பிட்ட நேரத்துக்கு வந்து போகலாம், அல்லது டெலிரேடியாலஜி மூலம் தொலைவிலிருந்து படிக்கலாம். எதுவானாலும் ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: சாதாரண ரிப்போர்ட்டுக்கு எத்தனை மணி நேரம், அவசரத்துக்கு எவ்வளவு, அவர் விடுப்பில் இருந்தால் யார், ஆபத்தான கண்டுபிடிப்பு இருந்தால் யாருக்கு ஃபோன். நெஞ்சுக்கூட்டில் காற்றுச் சேர்ந்திருப்பது, உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரிவது போன்றவை இமெயிலில் போய்க் காத்திருக்கக் கூடாது. நீங்களே முதலில் பார்த்து மருந்து கொடுத்து அனுப்புகிறீர்கள் என்றால், பிறகு வரும் ரிப்போர்ட் மாறாக இருக்கும்போது நோயாளியைத் திரும்ப அழைப்பது யார் பொறுப்பு என்பதையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

அல்ட்ராசவுண்டில் நிலைமை வேறு. எக்ஸ்ரே எடுப்பவர் ஒருவர், படிப்பவர் ஒருவர் என்று பிரிக்கலாம். ஸ்கேனில் ப்ரோப் (உடல்மேல் வைத்து நகர்த்தும் கருவி) பிடிக்கும் கை பார்க்காததைப் பிறகு படத்தில் யாராலும் பார்க்க முடியாது. பயிற்சி பெற்ற ஆள் உறுதியாகாமல் ஸ்கேன் மெஷின் வாங்குவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

எக்ஸ்ரே அறையில் நெஞ்சுப் படத்துக்கு, கதிர் வரும் டியூபுக்கும் படத்தைப் பதியும் டிடெக்டருக்கும் இடையே 180 செ.மீ. வேண்டும். டியூப் தலைக்கும் அதன் பின்பக்கத்துக்கும், சுவரோரம் நிற்கும் ஸ்டாண்டுக்கும் இடம் இதற்கு மேல். பிறகு டேபிள், ஸ்ட்ரெச்சர் திரும்பும் வழி, கட்டுப்பாட்டுத் தடுப்பு. பழைய ஸ்டோர் ரூமைக் காலி செய்து போட்டுவிடலாம் என்ற கணக்கு பெரும்பாலும் இங்கேதான் உடைகிறது.

சுவர்த் தடிமனைப் பக்கத்து கிளினிக்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாரத்துக்கு எத்தனை படம், எத்தனை கிலோவோல்ட், சுவர் எவ்வளவு தூரம், அதற்கு அந்தப் பக்கம் யார் எவ்வளவு நேரம் இருப்பார் என்பதை வைத்து மெடிக்கல் பிசிசிஸ்ட் (மருத்துவ இயற்பியலாளர்) கணக்கிட வேண்டும். அந்தப் பக்கம் மாடிப்படி என்றால் ஒரு கணக்கு, நாள் முழுக்க உட்காரும் ரிசப்ஷன் என்றால் வேறு கணக்கு. பன்னாட்டுப் பரிந்துரைப்படி பொதுமக்கள் உடலில் படும் கதிருக்கு ஆண்டு வரம்பு 1 மில்லிசீவர்ட். பணியாளர்களுக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20. நேரடிக் கதிர் விழும் நெஞ்சு ஸ்டாண்டின் பின்சுவருக்குத் தனிக் கவனம் தேவை. கசிவு பெரும்பாலும் சுவரின் நடுவில் வருவதில்லை. கதவுக்கும் நிலைக்கும் இடையிலான இடுக்கு, சுவரைக் குடைந்து வைத்த ஸ்விட்ச் பெட்டி, ஏ.சி. குழாய்த் துளை, ஈயத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நிற்கும் இணைப்பு என இந்த இடங்களில்தான் வரும். உள்ளே வெற்றிடம் உள்ள கற்களால் கட்டிய சுவரை முழுச் சுவராகக் கணக்கிடுவதும் அடிக்கடி நடக்கிற தவறு. ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி வரைபட நிலையிலேயே வேண்டும். கட்டி முடித்தபின் இடிப்பதுதான் மிகப் பெரிய செலவு.

அடுத்தது மின்சாரம். 100 கிலோவோல்ட்டில் 500 மில்லிஆம்பியர் என்றால் 50 கிலோவாட். 'பத்தில் ஒரு நொடிதானே' என்பார்கள். அந்தக் கணத்தில்தான் வோல்டேஜ் விழுகிறது. லிஃப்டும் ஏ.சி.யும் தொங்கும் லைனிலேயே எக்ஸ்ரேயையும் கொடுத்தால் எக்ஸ்போஷர் பாதியில் நிற்கும், அல்லது படம் புள்ளி புள்ளியாக வரும். மெயின் போர்டிலிருந்து தனி மூன்று ஃபேஸ் கேபிள், தனி எர்த்திங் வேண்டும். கேபிள் தடிமனைத் தயாரிப்பாளரின் முன்-நிறுவல் தாளில் சொல்லியிருக்கும் லைன் ரெசிஸ்டன்ஸ் மதிப்பைப் பார்த்தே தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டருக்கும் கன்சோலுக்கும் யு.பி.எஸ். போதும், டியூபுக்கு உயர் மின்னழுத்தம் தரும் எக்ஸ்ரே ஜெனரேட்டரை அதில் கொடுக்கக் கூடாது. மூன்று ஃபேஸ் கிடைக்காத கட்டடம் என்றால், மின்சக்தியைச் சேமித்து வைத்து ஒற்றை ஃபேஸில் ஓடும் மாடல்கள் உண்டு.

டிடெக்டரில் சீசியம் அயோடைடு வகை, கடோலினியம் வகையைவிடக் குறைந்த கதிரில் அதே தரம் தரும். குழந்தைகள் அதிகம் வரும் இடமென்றால் கூடுதல் விலைக்குத் தயங்க வேண்டாம். 35-க்கு 43 செ.மீ. வயர்லெஸ் டிடெக்டர் கைதவறி விழுவது சாதாரணம். வாரண்டியில் கீழே விழுந்த சேதம் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள்.

டிஜிட்டலில் ஒளிந்திருக்கும் ஆபத்து ஒன்று உண்டு. பழைய ஃபிலிமில் கதிர் கூடினால் படம் கறுத்துவிடும். டிஜிட்டலில் படம் இன்னும் அழகாகத்தான் வரும். கதிர் குறைந்தால் மட்டும் படத்தில் மணல் தூவியது போலத் தெரியும், டாக்டர் திட்டுவார். அதனால் டெக்னீஷியன் தன்னையறியாமல் மாதாமாதம் கூட்டிக்கொண்டே போவார். திரையில் வரும் டீவியேஷன் இண்டெக்ஸ் எண்ணைப் பாருங்கள், டிடெக்டரில் விழுந்த கதிர் இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்பதை அது சொல்லும். 0 என்றால் இலக்கு, +3 என்றால் இரு மடங்கு, -3 என்றால் பாதி. இலக்கு மதிப்பை ஒவ்வொரு உறுப்புக்கும் நிறுவும்போதே பதிவு செய்யாவிட்டால் இந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. மாதம் ஒருமுறை இதையும், திரும்ப எடுத்த படங்களையும் காரணத்தோடு உட்கார்ந்து பாருங்கள்.

நெட்வொர்க்கில் ஒரே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்: டைகாம் ஒர்க்லிஸ்ட், அதாவது ரிசப்ஷனில் பதிந்த பெயரும் விவரமும் தானாகவே எக்ஸ்ரே கன்சோலுக்கு வரும் வசதி. ரிசப்ஷனில் ஒரு தடவை, எக்ஸ்ரே அறையில் இன்னொரு தடவை என்று பெயரை டைப் செய்தால், ஒருவர் படம் இன்னொருவர் ஃபைலில் போய் விழும். பல கொட்டேஷன்களில் ஒர்க்லிஸ்ட் தனி லைசென்ஸாக இருக்கும், முன்பே கேளுங்கள். சேமிப்புக் கணக்கு எளிது: 3000-க்கு 2500 பிக்சல் படம் சுமார் 15 எம்.பி. நாளுக்கு 20 பேர், தலைக்கு இரண்டு படம் என்றால் 600 எம்.பி. 300 வேலை நாளுக்கு 180 ஜி.பி. இன்னொரு பிரதி வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும்.

ஸ்கேன் அறையை ஒட்டி கழிப்பறை வையுங்கள். நிறைந்த சிறுநீர்ப்பையோடு காத்திருப்பவரை நீண்ட வராண்டாவில் நடக்க விடுவது கொடுமை. வயிற்றுக்கு 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் கான்வெக்ஸ் (வளைந்த முகம்), தைராய்டுக்கும் ரத்தக்குழாய்க்கும் லீனியர் (நேரான முகம்) ப்ரோப். உடலுக்குள் செலுத்தும் ப்ரோபுக்கு உறை போட்டாலும் ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் உயர்நிலைக் கிருமிநீக்கம் கட்டாயம். ஜெல் தடவாமல் காற்றில் ப்ரோபைப் பிடித்தால் சீரான பட்டைகள் தெரிய வேண்டும். நடுவே கறுப்புக் கோடு நின்றால் அந்த இடத்து எலிமெண்ட் (ஒலியை அனுப்பி வாங்கும் சிறு துண்டு) செத்திருக்கலாம்.

வருமானக் கணக்கில் உங்கள் நோட்டின் 'ஆம்' எண்ணிக்கையை மட்டும் போடுங்கள். 1990-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், சொந்த மெஷின் வைத்திருந்த டாக்டர்கள் மற்றவர்களைவிட நான்கு முதல் நாலரை மடங்கு அதிகமாகப் படம் எழுதியது தெரிந்தது. மெஷின் தவணைக்காகப் படம் எழுதப்படும் நாள் வந்தால், அந்தக் கதிர் ஒரு நோயாளியின் உடலில்தான் போகிறது.

பராமரிப்பு ஒப்பந்தத்தில் டியூப், டிடெக்டர், ப்ரோப் மூன்றும் அடங்குமா என்று பாருங்கள். செலவு வைப்பவை இந்த மூன்றுதான், விலக்குப் பட்டியலில் இருப்பவையும் பெரும்பாலும் இவைதான். காலையில் டியூபை வார்ம்-அப் செய்யாமல் நேரடியாகப் பெரிய எக்ஸ்போஷர் கொடுத்தால் டியூபுக்குள் கதிர் உண்டாகும் தட்டான ஆனோடு விரிசல் விடும். ஒப்பந்தம் அதை 'தவறான பயன்பாடு' என்று தள்ளிவிடும்.

கடைசித் தவணையை மெஷின் வந்து இறங்கிய நாளில் கொடுக்காதீர்கள். சர்வே மீட்டரோடு சுற்றிப் பார்த்த கதிர்ப் பாதுகாப்பு அறிக்கை, தர ஆய்வு அறிக்கை, 100 செ.மீ. தூரத்தில், கதிர் விழும் இடத்தைக் காட்டும் வெளிச்சக் கட்டமும் உண்மையில் கதிர் விழும் கட்டமும் 2 செ.மீ.க்குள் பொருந்துவதற்கான பதிவு, ரிசப்ஷனில் பதிந்த ஒரு பெயர் டைப் எதுவும் இல்லாமல் ரேடியாலஜிஸ்ட் திரை வரை போய் ரிப்போர்ட்டாகத் திரும்பியது ஆகிய நான்கும் கண்ணால் பார்த்த பிறகு கொடுங்கள்.