சாய்தளம் முடியும் இடம்

உதவித்தொகை விண்ணப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, படிக்கட்டுக்குக் கீழே சக்கர நாற்காலியில் காத்திருந்தாள் அந்த மாணவி.

அலுவலகம் முதல் மாடியில். லிஃப்ட் கிடையாது.

அவளுக்காகத் தோழி ஏறி இறங்கினாள். அசல் சான்றிதழ் வேண்டுமாம். மறுபடி ஏறினாள். அப்புறம், கையெழுத்தை நேரில்தான் போட வேண்டுமாம்.

எங்கள் கல்லூரி வாசலில் சாய்தளம் இருக்கிறது. ஆண்டறிக்கையில் அதன் படமும் உண்டு. அது முடியும் இடத்தில்தான் இந்தப் படிக்கட்டு தொடங்குகிறது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் குறைந்தது 5 சதவீத இடம் உண்டு. சரி, இடம் கிடைத்தபின் அவர்களின் ஒரு நாள் எப்படிப் போகிறது? அவர்களோடு கூடவே போய்ப் பார்த்தால்தானே தெரியும்?

அந்த ஒரு மேசையைக் கீழே இறக்கச் சொல்லி முதல்வருக்கு எழுதப்போகிறேன். வேறென்ன சேர்க்கலாம் என்று அவளிடமே கேட்டேன்.

கழிப்பறையைத்தான் முதலில் சொன்னாள்.