மீட்டருக்குக் கீழே கட்டியிருக்கும் நாய்

வீட்டில் நாயைக் கட்ட நிழலான இடம் வேண்டும். மழைச்சாரல் படக்கூடாது, வாசலும் கண்ணில் பட வேண்டும். மின் மீட்டர் மாட்டுவதற்கும் அதே இடம்தான் தோதாக இருக்கிறது. அதனால்தான் தமிழ்நாட்டின் தனி வீடுகள் பலவற்றில் போர்ட்டிகோ சுவரில் மீட்டர் போர்டும் அதற்கு நேர் கீழே நாயும் இருக்கின்றன. 2 மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கப் போகும் கணக்கீட்டாளர் நாயைத் தாண்டி, நாயின் இடத்தில் நின்று, நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரையைப் படிக்க வேண்டியிருக்கிறது. நாய்க்கடியைக் கெட்ட நேரம் என்று எழுதிவிட்டுப் போவதில் நமக்கு உடன்பாடு இல்லை. மீட்டர் இருக்கும் இடம், அலுவலகம் கொடுக்கும் அவசரம், தகவல் கைமாறாமல் போவது ஆகிய மூன்றும் சேர்ந்துதான் பெரும்பாலான கடிகளை உண்டாக்குகின்றன.

அவசரத்தை முதலில் பார்ப்போம். உள்ளே போக முடியாத வீடு ‘டோர் லாக்’ கணக்கில் சேர்கிறது. பழைய அளவை வைத்து பில் போட்டால் அடுத்த முறை யூனிட் கூடி வரும், வீட்டுக்காரர் செக்‌ஷன் ஆபீசுக்கு (மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்துக்கு) வந்து சத்தம் போடுவார். டோர் லாக் எண்ணிக்கை ஏறினால் ஏன் என்று கேள்வியும் வரும். இந்த இரண்டுக்கும் பயந்துதான், நாய் உறுமுவது காதில் விழுந்தும் ஆட்கள் கேட்டைத் திறக்கிறார்கள். ஆகவே முதல் பாதுகாப்பு நடவடிக்கை ஒரு தனிக் குறியீடு. ‘நாய் காரணமாக எடுக்கவில்லை’ என்பதைப் பூட்டிய வீட்டோடு கலக்காமல் தனியாகப் பதிய வேண்டும், அதற்காக யாரையும் விளக்கம் கேட்கக் கூடாது. இதைச் செய்யாமல் பயிற்சி வகுப்பு மட்டும் நடத்தினால், வகுப்பில் சொன்னது கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடும்.

அடுத்தது தகவல். எந்தத் தெருவில் எந்த வீட்டில் நாய் இருக்கிறது என்பது பழைய கணக்கீட்டாளருக்கு மனப்பாடம். அவர் மாற்றலாகிப் போகும்போது அந்த அறிவும் அவரோடு போய்விடுகிறது. புதிதாக வருபவர் முதல் சுற்றில் எல்லாவற்றையும் தன் காலை வைத்தே கற்றுக்கொள்கிறார். நாய் பற்றிய குறிப்பு மின் இணைப்பு எண்ணோடு சேர்ந்தே இருக்க வேண்டும். அதில் நான்கு விவரம் போதும்: நாய் எந்தப் பக்கம் இருக்கும், கட்டியிருக்குமா அவிழ்த்துவிட்டிருக்குமா, கடைசியாகப் பார்த்த மாதம், யாரைக் கூப்பிட்டால் கட்டுவார்கள். மாதத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். நாய் செத்துப்போகும், வீட்டுக்குக் குடிவந்தவர் புது நாயோடு வருவார். ஒரு வருடப் பழைய குறிப்பு வெற்றுத் தாளைவிட மோசமானது, ஏனென்றால் அதை நம்பி ஒருவர் உள்ளே போவார். கேட்டில் தொங்கும் ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகையை யாரும் மதிக்காமல் போனதற்கும் இதுதான் காரணம்.

இதே குறிப்பு ரீடிங் எடுப்பவரோடு நிற்காமல் இரவில் ஃபியூஸ் போடப் போகும் வயர்மேனுக்கும் போய்ச் சேர வேண்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தில் பதிவாகும் புகார் அவருக்கு வரும்போது இணைப்பு எண்ணும் முகவரியும் வருகின்றன. நாய் பற்றிய வரியும் கூடவே வந்தால், புறப்படும் முன்பே வீட்டுக்காரருக்குப் போன் செய்து, “நாயை உள்ளே விட்டுப் பூட்டுங்க சார், நாங்க கிளம்பிட்டோம்” என்று சொல்லிவிடலாம். கரண்ட் இல்லாத தெருவில் வெளிச்சம் கிடையாது. காவலுக்கு அவிழ்த்துவிட்ட நாய் உள்ளே திரியும். ஏணியில் நிற்பவரின் காலை நாய் பிடித்தால் கடியோடு விஷயம் முடியாது. அவர் விழுவார், அல்லது கை போகக் கூடாத இடத்துக்குப் போகும். ஏணி வேலைக்கு இரண்டு பேர் போக வேண்டும், ஒருவர் கீழே நின்று டார்ச்சோடு பின்பக்கம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நாம் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இனி கேட். திறப்பதற்கு முன் தாழ்ப்பாளைப் பலமாக ஆட்டி, “ஈ.பி. ரீடிங்!” என்று இரண்டு மூன்று முறை உரக்கக் கூப்பிட்டு, அரை நிமிடம் நிற்க வேண்டும். தூங்கும் நாயை வெளியில் இருந்தே எழுப்பிவிடுவது நல்லது. பக்கத்தில் போன பிறகு திடுக்கிட்டு விழிக்கும் நாய் முதலில் கடிக்கும், பிறகுதான் பார்க்கும். காத்திருக்கும் நேரத்தில் கண்ணை ஃபோனில் வைக்காமல் தரையில் வைக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணம், கேட்டின் அடிப்பகுதியில் நகக்கீறல், ஆள் இல்லாமல் கிடக்கும் சங்கிலி ஆகியவற்றைத் தேட வேண்டும். சங்கிலி கிடந்து நாய் இல்லை என்றால் அது அவிழ்ந்து எங்கோ நிற்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கட்டியிருக்கும் நாய்க்கு அது எட்டும் தூரத்தைத் தரையே காட்டும். மண் தரையில், நாய் சுற்றிச் சுற்றி வந்த இடம் புல் தேய்ந்து அரைவட்டமாக வெளுத்திருக்கும். சிமெண்ட் தரையில் சங்கிலி உரசிய கறை இருக்கும். அந்தக் கோட்டுக்கு வெளியே இன்னும் ஒரு நாய் நீளம் விட்டு நிற்க வேண்டும். பின்னங்காலில் எழுந்து பாயும்போது கழுத்துப்பட்டைக்கு முன்னால் இருக்கும் தலையும் முன்னங்காலும் கோட்டைத் தாண்டும். 2 மீட்டர் சங்கிலி என்றால் 3 மீட்டர் ஆபத்து. படுத்திருக்கும் நாயின் வயிற்றுக்கு அடியில் மிச்சச் சங்கிலி மறைந்திருப்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மறுமுனையையும் பார்க்க வேண்டும். பூந்தொட்டியிலோ, நின்ற ஸ்கூட்டரிலோ, கடித்துத் தும்பு பிரிந்த கயிற்றிலோ கட்டியிருந்தால் அதைக் கட்டாத நாயாகவே கணக்கில் எடுக்க வேண்டும்.

வீட்டுக்காரர் வந்து, “ஒண்ணும் பண்ணாது, வாங்க” என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவரிடம் அது ஒன்றும் பண்ணாதுதான். கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் போதாது. எஜமானர் இறுக்கிப் பிடிக்கும்போது அவருடைய பதற்றம் நாய்க்கும் தொற்றுகிறது, தலையை உருவிக்கொண்டு வந்துவிடும். சின்னப் பிள்ளை பிடித்துக்கொண்டால் இன்னும் ஆபத்து. சொல்ல வேண்டியதை மரியாதையாக, மாற்றாமல் ஒரே மாதிரி சொல்லலாம்: “அம்மா, ரூம்ல விட்டுக் கதவைத் தாழ் போட்டுட்டுச் சொல்லுங்க, அதுவரை நான் வெளியிலயே நிக்கிறேன்.” கொசுவலைக் கதவைச் சாத்துவது தாழ் போட்டதாகாது. நெஞ்சால் தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

உள்ளே போனதும் கேட்டைத் தாழ் போடாமல் சாத்தி மட்டும் வைக்க வேண்டும், திரும்பும் வழி ஒரு தள்ளில் திறக்க வேண்டும். மீட்டர் முன் பக்கவாட்டில் நின்றால் திரையும் முற்றமும் ஒரே பார்வையில் கிடைக்கும். கிட்டப் போக முடியாத இடத்தில், திரையில் எண்கள் சுழன்று வரும் மீட்டராக இருந்தால், ஃபோன் கேமராவை ஜூம் செய்து யூனிட் வரும் நேரத்தில் படம் எடுத்துக்கொள்ளலாம். 2021 ஊரடங்கில் நுகர்வோரே மீட்டரைப் படம் எடுத்து அனுப்ப மின்வாரியம் இடம் கொடுத்தது. நாய் இருக்கும் வீடுகளுக்கு மட்டுமாவது அந்த வழியை நிரந்தரமாக்கலாம். ஆனால் நிலையான தீர்வு, மீட்டரைச் சுற்றுச்சுவருக்கு, தெருப்பக்கம் பார்த்த பெட்டிக்குள் கொண்டுவருவதுதான். புது இணைப்பு கொடுக்கும் நாளில் இதைக் கேட்டு வாங்குவது சுலபம். பத்து வருடம் கழித்து மாற்றச் சொன்னால் செலவு யாருடையது என்ற பேச்சிலேயே நின்றுவிடும்.

நாய் நேரே வந்துவிட்டால் ஓடக் கூடாது, ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு. அசையாமல் பக்கவாட்டாக நின்று, கண்ணுக்குக் கண் பார்க்காமல், தோள்பையைக் கழற்றி நமக்கும் அதற்கும் நடுவில் பிடிக்க வேண்டும். கடிக்க வந்தால் பையைக் கடிக்கட்டும். பையை விடாமல் பின்பக்கமாக அடி எடுத்து வைத்து வெளியேற வேண்டும். கீழே விழுந்தால் குப்புறச் சுருண்டு, கழுத்தையும் காதுகளையும் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். வால் ஆட்டுவதை நட்பு என்று நம்ப வேண்டாம். உடம்பு விறைத்து, வால் தூக்கி, மெல்ல ஆடினால் அது எச்சரிக்கை. தடியைப் பற்றி நம் கருத்து: ஓங்கிய தடி அமைதியான நாயையும் சீண்டும், வீட்டுக்காரரோடு சண்டையும் வரும். அதைவிட மடக்கிய குடை மேலானது, அதைச் சட்டென்று விரித்தால் நடுவில் ஒரு மறைப்பு கிடைக்கிறது. மிளகு ஸ்ப்ரே எதிர்க்காற்றில் நம் கண்ணுக்கே திரும்பும். காலுக்குச் செருப்பு போதாது, கணுக்காலை மூடும் ஷூ வேண்டும்.

தெருநாய் விஷயம் வேறு. அவற்றில் பெரும்பாலானவை வழக்கமாக வருபவரை அறிந்து ஒதுங்கிப் போகும். குட்டி போட்ட தாய்தான் விதிவிலக்கு. புரட்டாசி, ஐப்பசியில் இணை சேர்ந்து, ஏறக்குறைய 63 நாள் சுமந்து, கார்த்திகை, மார்கழியில் ஈனுபவை அதிகம். மழைக்கு ஒதுங்க அவை தேடும் இடம் டிரான்ஸ்ஃபார்மர் வேலிக்குள்ளும் பில்லர் பாக்ஸ் எனப்படும் தெருவோர மின்பெட்டிக்குப் பின்னாலும்தான். அந்த மாதங்களில் பெட்டிக்கு முன் குனிவதற்கு முன், எட்ட நின்று டார்ச் அடித்து ஒரு சுற்று வந்து பார்க்க வேண்டும். குட்டி இருந்தால், அவசரம் இல்லாத வேலையைத் தள்ளிப்போடலாம், குட்டிகள் 6 முதல் 8 வாரத்தில் தாயை விட்டுத் தனியே நடமாட ஆரம்பித்துவிடும். வண்டியில் போகும்போது துரத்தினால் காலைத் தூக்கிக்கொண்டு ஆக்சிலரேட்டரை முறுக்கக் கூடாது. வேகத்தைக் குறைத்து நிறுத்தி, வண்டியை நடுவில் வைத்து இறங்கி நின்றால் பெரும்பாலும் விட்டுவிடும்.

கடித்துவிட்டால் அடுத்த 15 நிமிடம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஓடும் தண்ணீரில், சோப்பு போட்டு, கடிகாரம் பார்த்து 15 நிமிடம் கழுவ வேண்டும். ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைக்கிறது. எந்த வீட்டின் முன் கடித்ததோ அந்த வீட்டுக் குழாயிலேயே கேட்டுக் கழுவலாம், ஆபீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வைக்கக் கூடாது, இறுக்கக் கட்டும் போடக் கூடாது. தடுப்பூசி அரசு மருத்துவமனையில் இலவசம்: தோலில் போடுவதென்றால் 0, 3, 7, 28ஆம் நாள், தசையில் போடுவதென்றால் 14ஆம் நாளும் சேர்த்து 5 (முதல் ஊசி போடும் நாள்தான் 0). தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும், வைரஸை உடனே தடுக்கும் எதிர்ப்பு மருந்தான இம்யூனோகுளோபுலினும் வேண்டும். முதல் நாளில் கிடைக்காவிட்டால் 7ஆம் நாளுக்குள் போட்டுவிட வேண்டும். வீட்டு நாய், ஊசி போட்ட நாய் என்று யார் சொன்னாலும் தொடங்குவதைத் தள்ளக் கூடாது. நாயை 10 நாள் கண்காணிப்பது சிகிச்சையோடு சேர்ந்து நடக்க வேண்டும். வலி போனதும் மூன்றாவது ஊசிக்குப் போகாமல் விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அந்த நாட்களை செக்‌ஷனில் ஒருவர் குறித்துவைத்து, கடிபட்டவரை ஊதியத்தோடு அனுப்ப வேண்டும்.

களப்பணியாளர்களுக்கு முன்கூட்டியே 0, 7, 21 அல்லது 28ஆம் நாளில் 3 ஊசி போட்டுவைத்தால், பிறகு கடித்தாலும் 0, 3ஆம் நாளில் 2 ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. பெரிய மருத்துவமனை தொலைவில் இருக்கும் மலைக்கிராமச் செக்‌ஷன்களில் இதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.

ஒப்பந்த ஆட்கள் கடியை மறைக்கிறார்கள், ஒரு நாள் கூலி போகும் என்பதால். வேலையின்போது, வேலை காரணமாக ஏற்பட்ட காயத்துக்கு இழப்பீடு கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் பதிவேட்டில் எழுதாத கடியை நிரூபிப்பது கடினம். தேதி, நேரம், இணைப்பு எண், காயத்தின் படம், மருத்துவமனைச் சீட்டு ஆகிய ஐந்தும் அன்றைக்கே பதிவேறட்டும். பாய்ந்து வந்து கடிக்காமல் போனதையும் அதே பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரே இணைப்பு எண் இரண்டாம் முறை வந்தால், அடுத்த சுற்றுக்கு முன் உதவிப் பொறியாளர் அந்த வீட்டுக்கு எழுத்தில் கடிதம் அனுப்பி, மீட்டரை வெளியே மாற்றும் வேலையைத் தொடங்கலாம்.