எதை முதலில் அனுப்புவது?

"ஹெர்க் ரிஸ்க் இருக்கா பாருங்க" என்று ஒரு வேதியியலாளர். கூடவே 12 ஸ்மைல்ஸ் வரிகள் (மூலக்கூறின் அமைப்பை எழுத்தில் சொல்பவை). கோரிக்கை அவ்வளவுதான். ஹெர்க் இதயத்திலுள்ள பொட்டாசியம் வாய்க்கால்; மருந்து அதை அடைத்தால் இதயத் துடிப்பு ஆபத்தாகத் தடம் மாறலாம்.

கையில் இரண்டு கணினி மாடல்கள். ஒன்று வகை பிரிப்பது: ஐசி50 (வாய்க்காலைப் பாதி அடைக்கத் தேவையான செறிவு) 10 மைக்ரோமோலாருக்குக் கீழே என்றால் அடைப்பான், மேலே என்றால் இல்லை. அது படித்தது பேட்ச் கிளாம்ப் (வாய்க்காலின் மின்னோட்டத்தை நேரடியாக அளப்பது), ரேடியோலிகண்ட் பிணைப்பு, தாலியம் ஃப்ளக்ஸ் என்று பல சோதனைகளும் கலந்த பொதுத் தரவு. மற்றது பேட்ச் கிளாம்ப் மட்டும் படித்துப் பிஐசி50 (ஐசி50-இன் மடக்கை வடிவம், கூடக்கூட வலுவான அடைப்பு) எண்ணைத் தரும் ரிக்ரஷன். சுத்தமான தரவு, ஆனால் கொஞ்சம்தான்.

முதலாவதில் 12-க்கும் அடைப்பான் என்ற நிகழ்தகவு 0.8-க்கு மேல். கொழுப்பு நாட்டம் மிகுந்த கார அமீன்கள், ஹெர்க்கை அடைக்கும் வழக்கமான ரகம், வேறென்ன வரும்? 0.91 வாங்கியது 0.84 வாங்கியதைவிட வலுவாக அடைக்கும் என்று பொருளில்லை. அது அடைப்பானாக இருக்கும் என்பதில் மாடலுக்கு உள்ள நம்பிக்கை, அவ்வளவே. ஆனால் பட்டியலாகக் கொடுத்தால் வரிசையாகத்தான் படிப்பார்கள். இரண்டாவதில், பயிற்சித் தொகுப்பிலுள்ள மிக நெருங்கிய மூலக்கூறோடு டானிமோட்டோ ஒப்புமை பார்த்தால் (0 முதல் 1 வரை; மார்கன் கைரேகை, அதாவது மூலக்கூறின் அமைப்புத் துணுக்குகளின் குறியீடு, ஆரம் 2, 2048 பிட்) ஒன்றுகூட நாம் வைத்த எல்லையான 0.3-ஐத் தொடவில்லை. 'எதுவும் பொருந்தவில்லை, பேட்ச் கிளாம்புக்கு அனுப்புங்கள்' என்று பதில் போனது.

"பன்னிரண்டையும் அனுப்ப பட்ஜெட் இல்ல சார். நம்பரே வேண்டாம், எதை முதல்ல அனுப்பறதுன்னு மட்டும் சொல்லுங்க."

மறுத்ததற்கு நியாயம் உண்டு. இத்தகைய மாடல்களுக்கு ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) 2004-இல் வகுத்த ஐந்து நெறிகளில் மாடலின் பொருந்தும் எல்லையை வரையறுப்பதும் ஒன்று. தவிர, ரிஸ்க் என்பது ஐசி50 மட்டும் அல்ல. ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாத மருந்தின் உச்ச அளவும் வேண்டும். இரண்டுக்கும் 30 மடங்கு இடைவெளி என்பது புழக்கத்தில் உள்ள கணக்கு. உச்சம் 0.1 மைக்ரோமோலார் என்றால் ஐசி50 3 இருந்தால் போதும். உச்சம் 1 என்றால் அதே 3 ஆபத்து. ஒவ்வாமை மருந்தான டெர்ஃபெனடினின் கதையே அதுதான்: கல்லீரலில் சிப்3ஏ4 என்ற நொதி அதை உடனுக்குடன் மாற்றிவிடும், அந்த நொதியைத் தடுக்கும் பூஞ்சை மருந்தான கீட்டோகோனசோலோடு சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குத்தான் விபரீதம்.

அந்த டெர்ஃபெனடின்தான் உறுத்தவும் செய்கிறது. உடலில் அது ஃபெக்ஸோஃபெனடினாக மாறுகிறது. ஒரு மெத்தில் இருந்த இடத்தில் கார்பாக்சிலிக் அமிலம், வேறு வித்தியாசமே இல்லை. முன்னது ஹெர்க்கை நானோமோலார் அளவிலேயே அடைப்பது, 1998-இல் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது. பின்னது இன்றும் ஒவ்வாமைக்கு விற்கிறது. கைரேகையில் இரண்டும் பங்காளிகள். ஒன்று பயிற்சித் தொகுப்பில் இருந்தால் மற்றது எல்லைக்குள் என்றே நம் விதி சொல்லும், எண்ணும் தயங்காமல் வெளியே போகும். தூரத்து மூலக்கூறைத் தடுக்கிற விதி, பக்கத்தில் நிற்கும் பொய்யைத் தடுப்பதில்லை. அப்படியிருக்க, அதை வைத்து அவ்வளவு உறுதியாக மறுக்கலாமா?

பிகேஏ (காரத்தன்மையின் அளவு), லாக்டி (கொழுப்பு நாட்டத்தின் அளவு) இரண்டையும் கணக்கிட்டு, காரமும் கொழுப்பு நாட்டமும் குறைந்தவை முதலில் என்று ஒரு கரடுமுரடான வரிசை கொடுக்கலாம்தான். ஆனால் அது அந்த வேதியியலாளருக்கே தெரியும். அவருடைய ஊகத்தின் மேல் 'மாடல் சொன்னது' என்று முத்திரை குத்திக் கொடுத்ததாகும். அந்த முத்திரைதான் அவருக்குத் தேவைப்பட்டதோ என்னவோ, மேலதிகாரியிடம் காட்ட.

இன்னொரு வழி, கைரேகைப்படி கொத்துகளாகப் பிரித்து, கொத்துக்கு ஒன்றாக மூன்றை மட்டும் அளக்கச் சொல்வது. அந்த மூன்று எண்களை வைத்து ரிக்ரஷனை மறுபடி பயிற்றுவித்தால் மீதி ஒன்பதுக்கு ஏதாவது சொல்ல வாய்க்கலாம். இதற்கு அவர் ஒத்துக்கொண்டிருப்பாரா என்பது சந்தேகம்தான். அவர் தேடியது அடைக்காத மூலக்கூறை. மாடலுக்கு அடைப்பதும் வேண்டும். அந்தச் செலவு எந்தத் திட்டத்தின் கணக்கில் ஏறும் என்பதும் கேள்வி.