ஆறடி தள்ளி நின்று செய்ய முடியாத வேலை

2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. ஆறடி தள்ளி நில்லுங்கள் என்று பார்க்கும் இடமெல்லாம் எழுதிவைத்தார்கள். என் வேலையோ ஒருவரைக் கட்டிப்பிடித்துத் தூக்குவது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது, நான் பார்த்துக்கொள்ளும் அக்காவின் தாடை என் தோளில் இருக்கும், அவர் மூச்சு என் காதில் படும்.

அக்காவுக்குக் கழுத்துத் தண்டுவடத்தில் அடி. தோள் அசையும், விரல்கள் அசையாது. நாங்கள் மூன்று பேர் முறை வைத்துப் போய்வந்தோம். ஊரடங்கு வந்ததும், "மூணு பேர் வந்தா மூணு வீட்டுத் தொற்றும் வரும். ஒருத்தர் போதும்மா" என்றார். நான் தனி ஆள் என்பதால் அங்கேயே தங்கினேன். மற்ற இருவருக்கும் வருமானம் நின்றது. வேலை பார்த்த மணிக்குத்தான் எங்களுக்குக் காசு.

முகக்கவசம் எனக்கு மட்டும்தான். அவருக்குப் போடக் கூடாது. மூச்சு முட்டினால் தானாகக் கழற்ற முடியாதே. கழுத்தில் அடிபட்டவர்களுக்கு இருமல் வலுவாக வராது, சளி கட்டினால் ஆபத்து. அதனால் நான்தான் பயந்து பயந்து இருந்தேன். கையுறை கிடைக்கவில்லை. எல்லாம் மருத்துவமனைகளுக்குப் போனது, அது நியாயம்தான். ஆனால் வீட்டில் சிறுநீர்க் குழாய் மாற்றுகிறவளுக்கும் கையுறை வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

பயந்ததே நடந்தது. எனக்குக் காய்ச்சல். 14 நாள் தனிமை. அக்காவின் தங்கை வந்து பார்த்துக்கொண்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்று வீடியோவில் சொல்லிக்கொடுத்தேன். பகலில் சமாளித்தார். ராத்திரியில் அசந்து தூங்கியிருக்கிறார், பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

திரும்பிப் போய் முதலில் பார்த்தது முதுகின் அடி எலும்பைத்தான். அந்த இடம் சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு நொடி வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை. படுக்கைப் புண்ணின் ஆரம்பம் அது. அப்புறம் பல நாள் மல்லாந்து படுக்கவே விடவில்லை, பக்கவாட்டில்தான்.

ஒருநாள் அக்கா காகிதம் எடுக்கச் சொன்னார். அவருக்குத் தொற்று வந்து மருத்துவமனையில் சேர்த்தால் என்னை உள்ளே விட மாட்டார்கள். அவர்கள் கணக்கில் நான் பார்வையாளர். அதனால் என் கைக்குத் தெரிந்ததையெல்லாம் எழுத வேண்டும் என்றார். எந்தத் தோளைப் பிடித்தால் வலிக்கும், தலையணை எங்கே, குழாய் எந்தப் பக்கம். இரண்டு பக்கம் நிறைந்தது.

முடிந்தது என்று நினைத்தேன். "இன்னொண்ணு எழுது. நர்ஸைக் கூப்பிடுற பொத்தானைக் கையில குடுத்துட்டுப் போயிடாதீங்க. தாடைக்குப் பக்கத்துல வைங்க" என்றார்.