பஸ்ஸின் இடது பக்கம்

புதுச்சேரியில் சாயங்காலம் முருங்கப்பாக்கத்திலிருந்து மரப்பாலம் வரை கடலூர் சாலையில் வருகிறவர்களுக்கு இது தினசரிக் காட்சி. பஸ் ஓரம் கட்டி ஆள் இறக்கப் பார்க்கும். பஸ்ஸுக்கும் சாலை ஓரத்துக்கும் நடுவே ஒரு முழம் இடம் இருக்கும். அதற்குள் ஒரு பைக் நுழையும். இன்று நுழைந்த தம்பியின் வண்டியில் இரண்டு கண்ணாடியும் இல்லை. இடுக்கில் புகும்போது இடிக்குமாம், கழற்றிவிட்டார்கள். ஹெல்மெட் முழங்கையில் தொங்கியது. உயிர் அங்கேதான் இருக்கிறது போல! படியில் கால் வைத்த பெரியம்மா கூடையோடு பின்வாங்கினார். பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பஸ் டிரைவர் உட்கார்ந்திருப்பது வலது பக்கம். இடது பக்கம் பஸ்ஸை ஒட்டி வருகிற பைக் பல நேரம் அவர் கண்ணுக்கே தெரியாது. அது மட்டுமில்லை, நீளமான வண்டி இடது பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன்பக்கம் இருந்த இடைவெளி பின்பக்கம் வருவதற்குள் காணாமல் போய்விடும். நடுவில் மாட்டியவர் எங்கே போவார்?

40 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 11 மீட்டர். பிரேக்கைத் தொட நினைப்பதற்குள்ளேயே ஒரு பஸ் நீளம் தாண்டிவிடும். இடுக்கில் ஒதுங்கவும் வழியில்லை.

சரி, பஸ்காரர்கள் மட்டும் ஒழுங்கா என்று கேட்பீர்கள். இல்லைதான். போட்டி போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்களைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அதற்கு ஒரு பதிவு போதாது.