களைகளுக்கும் ஓர் அலமாரி

எங்கள் பல்கலைக்கழக ஹெர்பேரியத்தில், அதாவது உலர்தாவரக் காப்பகத்தில், மிகவும் மெலிந்து கிடக்கும் பகுதி எது என்று யாராவது கேட்டால், களைச்செடிகளின் அலமாரி என்று தயங்காமல் சொல்வேன். காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி, விவரச்சீட்டு எழுதி, குடும்பவாரியாக அடுக்கி, பூச்சி அரிக்காமல் காப்பது என் வேலை. காட்டு மரங்களுக்கும் மலையில் பூக்கும் ஆர்க்கிட்களுக்கும் அங்கே தாள்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள என் சொந்த ஊரான சுங்கை சிப்புட்டின் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலிலும் செம்பனை நிரைகளுக்கு நடுவிலும் அன்றாடம் காலில் மிதிபடும் செடிகளுக்கு, விரல்விட்டு எண்ணும் அளவுக்கே தாள்கள் உள்ளன.

இதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. தாவரவியலாளருக்குப் புகழ் புதிய இனத்தால்தான் வருகிறது. புதிய இனம் தோட்டத்தில் கிடைப்பதில்லை. தீபகற்ப மலேசியாவின் சுண்ணாம்புக் குன்றுகளில் மட்டும் 1,216 தாவர இனங்கள் பதிவாகியுள்ளன என்னும்போது, அத்தகைய குன்றுகள் நிறைந்த பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கிற்கு வரும் எவருக்கும் கண் குன்றின்மேல்தான் போகும். குன்றுக்குப் போகும் வழி தோட்டத்தின் ஊடாகத்தான் செல்கிறது என்றாலும், வண்டி அங்கே நிற்பதில்லை. சக ஆய்வாளர் ஒருவர், "புல்லுக்கு ஏன் அலமாரியில் இடம்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்.

தோட்டத்துச் செடிகளில் பெரும்பாலானவை நம் முன்னோரைப் போலவே கப்பலேறி வந்தவை. அமேசான் காட்டு ரப்பரின் நாற்றுகள் 1877இல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது எங்கள் ஊருக்கு அடுத்த கோலகங்சாரில் நடப்பட்டன. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. மண்ணை மூட விதைக்கப்படும் கொடிகளும், இலைப்புழுக்களை அழிக்கும் குளவிகளுக்குத் தேன் கிடைக்கட்டும் என்று தோட்டச் சாலையோரத்தில் நடப்படும் டர்னேரா என்னும் பூச்செடியும் பிற நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவையே. எது எப்போது வந்தது, எந்த ஊர்வரை பரவியது என்பதற்கு நாளும் இடமும் குறித்த தாளைவிட உறுதியான சாட்சி கிடையாது. அந்தச் சாட்சியைத்தான் நாம் சேர்க்காமல் விட்டிருக்கிறோம்.

அசிஸ்டேசியாவை எடுத்துக்கொள்வோம். செம்பனைத் தோட்டங்களை மூடிக்கொண்டு வளரும் இந்தக் களைக்குப் பழைய தாள்களில் அசிஸ்டேசியா கேஞ்செட்டிகா என்று மட்டுமே எழுதியிருக்கும். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் இரண்டு துணையினங்கள் அடங்கியுள்ளன. ஒன்று பெரிய பூக்களைக் கொண்டது, அழகுக்காக வளர்க்கப்படுவது. மற்றது, சிறிய வெள்ளைப் பூவின் கீழிதழில் ஊதாப் புள்ளிகள் கொண்ட, ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மைக்ராந்தா. நம் தோட்டங்களைப் பிடித்திருப்பது இந்த இரண்டாவதுதான். எந்த ஆண்டுவாக்கில் இது பேராக்கிற்கு வந்தது என்று அறிய விரும்பிப் பழைய தாள்களை எடுத்தால், பூ உதிர்ந்து போயிருக்கிறது. உதிராத பூவும் நிறம் மங்கிப் பழுப்பாகிவிட்டது. விவரச்சீட்டிலோ "சாலையோரம், பரவலாகக் காணப்படுவது" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. பரவலாகக் காணப்படுவது என்று எழுதிய கை, பூவின் அளவையும் எழுதியிருக்கலாம்.

துணையினம் உறுதியான தாள்களில்கூடப் பழைய பெயரை நான் அழிப்பதில்லை. என் பெயரும் ஆண்டும் இட்ட புதிய சீட்டை அதன் பக்கத்தில் ஒட்டுகிறேன். எனக்குப் பின் வருபவர் என்னோடு முரண்பட்டால் அவரும் ஒரு சீட்டு ஒட்டுவார். ஒரு தாளில் மூன்று நான்கு சீட்டுகள் சேர்ந்திருந்தால் அந்தச் செடியைப் பற்றி ஒரு நூற்றாண்டு விவாதம் நடந்திருக்கிறது என்று பொருள். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

களைத்தாளின் பயன் வருகைப் பதிவோடு முடிந்துவிடுவதில்லை. பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அலோபெக்கூரஸ் என்னும் கோதுமை வயல் களையின் பழைய ஹெர்பேரியத் தாள்களிலிருந்து மரபணுவைப் பிரித்துப் பார்த்தார்கள். 1888இல் சேகரிக்கப்பட்ட ஒரு செடியில், களைக்கொல்லியை எதிர்த்து நிற்கும் மரபணு மாற்றம் இருந்தது. அந்தக் களைக்கொல்லி சந்தைக்கு வந்ததோ பல பத்தாண்டுகளுக்குப் பிறகு! இங்கே பேராக்கிலும் இதற்கு இணையான கதை உண்டு. கேழ்வரகின் நெருங்கிய உறவான எலூசின் இண்டிகா என்னும் புல், கிளைபோசேட் என்னும் களைக்கொல்லி மருந்துக்கு மடங்காமல் நிற்பது 1997இல் தெலுக் இந்தானின் பழத்தோட்டம் ஒன்றில் கண்டறியப்பட்டது. அதற்கு முந்தைய பேராக் தாள்கள் போதிய அளவில் இருந்தால், மருந்துக்கு முன்பே எதிர்ப்பு இருந்ததா என்னும் கேள்வியை நம் புல்லிடமும் கேட்கலாம்.

மருந்துக்கு அடங்காத செடி எது என்பதை ஆய்வகத்துக்கு முன்பே அறிந்திருப்பவர்கள் மருந்து அடித்தவர்கள். என் அத்தை பல ஆண்டுகள் முதுகில் தெளிப்பானைச் சுமந்து அந்த வேலையைச் செய்தவர், பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020இல் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டபோது, "இப்பதான் கண்ணு தொறந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். ஊருக்குப் போகும்போதெல்லாம் அவரை அழைத்துக்கொண்டுதான் செடி எடுக்கப் போகிறேன். அசிஸ்டேசியாவை நான் வேரோடு பிடுங்கி மண்ணை உதறுவதைப் பார்த்து, "ஏம்மா, மாட்டுக்குப் போடற செடிய யூனிவர்சிட்டியில கொண்டுபோய் வெப்பியா?" என்று சிரிப்பார். ஆனால் எந்த நம்பரில் (தோட்டத்தின் எண்ணிட்ட பகுதியில்) எந்த மருந்து அடித்தார்கள், எது கருகியது, எது மறு மாதமே தளிர்த்தது என்று அவர் சொல்வதெல்லாம் விவரச்சீட்டில் ஏறுகிறது. தகவல் தந்தவர் முன்னாள் தெளிப்புத் தொழிலாளி என்றும் எழுதுகிறேன். அவ்வாறு எழுதும் வழக்கம் பரவ வேண்டும் என்பது என் கருத்து.

மற்ற வேலைகள் எல்லாச் செடிக்கும் ஒன்றே. செய்தித்தாளுக்கு நடுவே விரித்து அழுத்திக் கட்டுவதும், அடுப்பில் உலர்த்துவதும், புகையிலை வண்டு நுழையாதபடி கழித்தல் 20 பாகையில் சில நாள் உறையவைப்பதும் வழக்கமானவை. நான் தமிழ்ப் பத்திரிகைகளைத்தான் பயன்படுத்துகிறேன். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. அதன் பழைய இதழ்களுக்குள் இன்னும் சில செடிகள் ஒட்டப்படாமல் காத்திருக்கின்றன.

அவசரம் வேறிடத்தில் இருக்கிறது. செம்பனைக்கு ஏறத்தாழ 25 ஆண்டுதான் பயன்தரும் காலம். முதிர்ந்த மரத்தில் வெட்டிய மட்டைகளின் அடியில் மட்கு சேர்ந்து, அதில் நெஃப்ரோலெபிஸ் முதலான பெரணிகள் தழைத்திருக்கும். மறுநடவுக்காக மரத்தைச் சாய்க்கும் நாளில் அவையும் போய்விடும். சில இடங்களில் மறுநடவும் இல்லாமல் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதி எழுகிறது. பிறகு அந்தத் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்பது கோயிலும், பேருந்து நிறுத்தமும், யாராவது எழுதிவைத்திருந்தால் ஒரு விவரச்சீட்டும்தான்.

தோட்டத்தருகே வசிப்பவர்கள் உதவ விரும்பினால், பிடுங்குவதற்கு முன் எழுதுங்கள். பூவின் நிறம், அளவு, மணம், கிள்ளினால் பால் வருகிறதா என்பவை உலர்ந்தபின் தெரியாது. செடியின் உயரமும் தாளில் அடங்காது. தோட்டத்தின் பெயரோடு நம்பரையும் நடவு ஆண்டையும் குறியுங்கள். பூவோ காயோ இருக்கும் கிளையாக எடுங்கள். அடையாளம் காண இலை மட்டும் போதாது.